சுவருக்குள் அலுமினியத் தாள்

ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு டிவியில் ஃபுட்பால் ஆட்டம் தொடங்கும். அதற்குள் எங்கள் வீட்டு இரண்டு கணினிகளும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். பேசாவிட்டால் குளிர்காலம் முழுவதும் ரூடி வீட்டுப் பனியை நான் வார வேண்டும்.

பந்தயம் கட்டியது நான் அல்ல, என் கணவன் ஆர்வோ. போன மார்ச்சில் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பனிவாரியைத் தொடக் கூடாது என்றார் மருத்துவர். பந்தயம் கட்டக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வேலியோரம் நடந்தது அது. ரூடி பக்கத்து வீடு. இரும்புச் சுரங்கத்தில் அவன் மின்சார வேலை, ஆர்வோ லாரி ஓட்டினான். இப்போது இருவருக்கும் ஓய்வு. வேலி மட்டும்தான் வேலை. ரூடி தன் வீட்டில் கம்பியில்லா இணைப்பு போட்டு முடித்திருந்தான். ஆர்வோவும் அதே கடையில், அதே தள்ளுபடியில், அதே ரூட்டரும் அதே பிரிண்டரும் வாங்கி வந்திருந்தான்.

"நான் வந்து போட்டுத் தரட்டுமா?" என்றான் ரூடி.

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"இருக்கு. லாரி ஓட்டுன கை. இது வயர் சமாச்சாரம்."

"வயரே இல்லன்னுதான்டா பெட்டி மேல போட்டிருக்கு."

அதிலிருந்து நிபந்தனைகள் வந்தன. யாரையும் கூப்பிடக் கூடாது, கம்பெனிக்கும் போன் போடக் கூடாது. சமையலறை மடிக்கணினியில் இன்டர்நெட் வர வேண்டும். கீழ்த்தளக் கணினியில் இருக்கும் போட்டோ சமையலறையில் திறக்க வேண்டும். சமையலறையில் அழுத்தினால் பிரிண்டரில் தாள் வர வேண்டும்.

"தோத்தா?"

"தோத்தவன் ஜெயிச்சவன் வீட்டுப் பனிய வாரணும். உருகற வரைக்கும்."

"மெஷின் கிடையாது."

"கையாலதான்."

கையுறையோடு கை குலுக்கினார்கள். நான் குப்பைத் தொட்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

கேபிள் கீழ்த்தளத்தில்தான் வீட்டுக்குள் நுழைகிறது. அதனால் ஆர்வோவின் கணினியும் அங்கேதான். அதை ஒட்டி எங்கள் சவுனா. கல்யாணமான புதிதில் நாங்களே கட்டிய வெந்நீராவி அறை. பலகைகளுக்குப் பின்னால், சூடு வெளியே போகாமலிருக்க, அலுமினியத் தாள் அடித்திருக்கிறோம். நான் பிடித்துக்கொண்டேன், ஆர்வோ அடித்தான். ஒரு சுற்று போதும் என்றேன். இரண்டு சுற்று அடித்தான். கூரைக்கும் அடித்தான். அந்தக் கூரைக்கு மேலேதான் சமையலறை.

வெள்ளிக்கிழமை ரூட்டரை சவுனாச் சுவரில் ஆணி அடித்து மாட்டினான். செய்முறைப் புத்தகத்தைப் பெட்டிக்குள்ளேயே விட்டு மூடினான். கீழ்க் கணினியில் இன்டர்நெட் வந்தது. மடிக்கணினியை அதன் பக்கத்தில் வைத்தால் அதிலும் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். பாதிப் படியில் போய்விட்டது. இறங்கினான், வந்தது. ஏறினான், போனது. முதுகு வலி ஞாபகமே இல்லை அவனுக்கு.

"ஆர்வோ, சவுனால அலுமினியத் தாள் இருக்கு."

"இருந்தா?"

"உருளைக்கிழங்க அதுல சுத்தி வெச்சா சூடு வெளிய வருதா?"

"உருளைக்கிழங்குக்கும் இன்டர்நெட்டுக்கும் என்னடி சம்பந்தம்?"

"அந்தப் பெட்டிய மேல கொண்டு வா."

"கேபிள் கீழதான வருது. ஒன் தரையில ஓட்ட போடட்டுமா?"

சமையலறைத் தரை செப்டம்பரில் போட்டது. அதில் கீறல் விழுந்தால் கையை ஒடிப்பேன் என்று சொன்னது நான்தான். மேலே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆர்வோ காப்பியோடு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தான். மடிக்கணினியைத் திறந்தான். உடனே இன்டர்நெட் வந்தது. வானிலை, பனி எச்சரிக்கை, மான் வேட்டைச் செய்தி, எல்லாம் வந்தது.

"ஐலி! பாத்தியா!"

"நேத்து வரல. இன்னைக்கு எப்படி?"

"பழகணும்ல. புது எஞ்சின் மாதிரி. ஒரு ராத்திரி ஓடவிட்டா சரியாயிடும்."

தொப்பியை மாட்டிக்கொண்டு ஊருக்குச் சொல்லக் கிளம்பினான். ரூடி வீட்டைத் தாண்டும்போது ஹாரன் அடித்தான். தேவைக்கு அதிகமாகவே அடித்தான்.

எனக்குச் சந்தேகம். மடிக்கணினியை அடுப்புப் பக்கம் நகர்த்தினேன். அலைக் கோடுகள் குறைந்தன. கீழே இறங்கும் கதவருகே கொண்டுபோனேன். நம் பெட்டிக்குக் கிட்டே போகிறோம், கோடு ஏற வேண்டும். அறவே போய்விட்டது. திரும்பவும் ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். நான்கு கோடும் நிமிர்ந்து நின்றன. ஜன்னலுக்கு நேரே ரூடியின் வீடு.

பகிர்ந்த படங்கள் என்ற கோப்புறையைத் திறந்தேன். எங்கள் உறையில் பேத்தியின் ஞானஸ்நானமும், பறவைத் தீனியைத் திருடிய கரடியும் இருக்க வேண்டும். ரூடி இருந்தான். கூரை மேல் ரூடி. ரூடியின் வண்டி. கழுவிய பிறகு ரூடியின் வண்டி.

இரண்டு ரூட்டருக்கும் தொழிற்சாலை ஒரே பெயர்தான் வைத்திருக்கிறது. இரண்டு பேருமே மாற்றவில்லை. பூட்டும் போடவில்லை, எங்கள் ஊரில் வாசல் கதவையே பூட்டுவதில்லை. என் மடிக்கணினிக்கு எந்த வீடு என்று தெரியாது. எது உரக்கக் கூப்பிடுகிறதோ அங்கே போகும். கீழே இருப்பதன் வாயை நாங்கள் தாள் போட்டு அடைத்திருக்கிறோம்.

அதாவது, தோற்றுவிட்டோம்.

அடுத்த படம் ஏரி.

ரூடி வீட்டு டிவிக்கு மேல் ஒரு பெரிய மீன் இருக்கிறது, எங்கள் ஏரிகளில் கிடைக்கும் வால்ஐ என்ற வகை. பாடம் செய்து, பலகையில் அறைந்து, பித்தளைத் தகட்டில் ரூடியின் பெயர் பொறித்தது. அதை அவன் எப்படிப் பிடித்தான் என்ற கதை இந்தத் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். கதை தொடங்கினால் அவன் மனைவி டோலோரஸ் எழுந்து பாத்திரம் கழுவப் போவாள். ஒரு தடவை நானும் கூடப் போனேன்.

"பிடிச்சது நான்," என்றாள் குழாயடியில்.

"சொல்ல வேண்டியதுதானே?"

"என்னை எடுத்த படம் ஒண்ணுகூட விழலன்னுட்டான். படம் இல்லாம எவ நம்புவா?"

நானும் முழுதாக நம்பவில்லை.

இங்கே படங்கள் எல்லாம் விழுந்திருந்தன. தூண்டில் வில்லாக வளைந்து, பிடித்திருப்பவள் டோலோரஸ். பல்லைக் கடித்துக்கொண்டு டோலோரஸ். மீனை மார்போடு அணைத்து, தலைமுடியெல்லாம் தண்ணீராக, சிரிக்கும் டோலோரஸ். கடைசியில் ஒன்றே ஒன்று: மீனோடு ரூடி, உலர்ந்த சட்டையில். அதைத்தான் அவன் சட்டம் போட்டு வைத்திருக்கிறான். மற்றதை ஏன் அழிக்கவில்லை என்று தெரியவில்லை. நல்ல படங்கள். மனம் வந்திருக்காது.

மூடி வைத்தேன். ஆர்வோவிடம் சொன்னால் மறுபடி கீழே இறங்குவான், சுத்தியல் எடுப்பான், தோற்பான், படுப்பான். பனியை நான் வாருவேன். சொல்லவில்லை.

சாயங்காலம் சவுனாவில் உட்கார்ந்தோம். சூடு கொஞ்சமும் வெளியே போகவில்லை. நல்ல வேலை.

ஞாயிறு, ஆட்டத்துக்குச் சற்று முன் ரூடி வந்தான். டோலோரஸ் வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டி கொடுத்தனுப்பியிருந்தாள்.

"போன் கீன் போடலயே?"

"ஐலியக் கேளு," என்றான் ஆர்வோ.

"யாரையும் கூப்பிடல," என்றேன். "யார் சொன்னதையும் கேக்கவும் இல்ல."

ரூடி மேசையில் உட்கார்ந்து இன்டர்நெட்டைப் பார்த்தான். கோடுகளைப் பார்த்தான்.

"நாலா! எங்க வீட்டுலயே மூணுதான்டா வருது."

"பெட்டிய மாட்டுற இடத்துல இருக்கு சூட்சுமம்," என்றான் ஆர்வோ. "ஒனக்குச் சொல்லித் தர்றேன், மெதுவா."

"பீத்தாத. போட்டோ காட்டு."

ஆர்வோ கை நீட்டினான். நான் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினேன்.

"நான் தொறக்கறேன். நீ ரொட்டிய வெட்டு."

அவன் கத்தி எடுக்கப் போனான். நான் உறையைத் திறந்தேன். சிரிக்கும் டோலோரஸைத் தேர்ந்தெடுத்தேன். திரை நிறைய வந்தாள். அப்படியே ரூடி பக்கம் திருப்பினேன்.

ரூடி படத்தைப் பார்த்தான். ஜன்னல் வழியே தன் வீட்டைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். வாழ்க்கை முழுக்க மின்சார வேலை பார்த்தவன். அதிக நேரம் பிடிக்கவில்லை.

"தெரியுதா ரூடி?"

"தெரியுது."

"தெளிவா இருக்கா?"

"இருக்கு."

"எந்த வீட்டுப் படம்னு சந்தேகம் எதும்?"

"இல்ல ஐலி. எந்தச் சந்தேகமும் இல்ல."

"என்ன படம்?" என்றான் ஆர்வோ, ரொட்டியிலிருந்து தலையெடுக்காமல்.

"மீன் படம்," என்றேன். பொய் இல்லை.

ரூடி எழுந்தான். "நீ ஜெயிச்சிட்ட ஆர்வோ. பனிய நானே வாரறேன். உருகற வரைக்கும்."

ஆர்வோவின் கத்தி நின்றது. ரூடி வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. சீட்டாட்டத்தில் தோற்றால்கூட சீட்டு நனைந்திருந்தது என்பான். ஆர்வோ அதோடு விட்டிருக்கலாம்.

"பிரிண்ட் இன்னும் பாக்கலயே."

"வேணாம்டா, நம்பறேன்."

"நம்பாத. பாரு. நாளைக்கு மூட்டு வலிக்கும்போது மூணாவத காட்டவே இல்லம்ப."

"ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது ஆர்வோ," என்றேன்.

"என்ன ரெண்டு பேரும் ஒரே பாட்டு பாடறீங்க?"

மடிக்கணினி மூடியில் கை வைத்தேன். அதற்குள் வெண்ணெய் விரலால் பிரிண்டை அழுத்திவிட்டான். அழுத்திய வேகத்தில் கீழே ஓடினான், தாளைக் கையில் ஏந்த.

நானும் ரூடியும் நின்றோம். கீழே சத்தமில்லை.

"சூடாவுது போல!" என்று ஆர்வோவின் குரல் வந்தது. "இப்ப வந்துடும்!"

"ஐலி," என்றான் ரூடி மெதுவாக. "எங்க வீட்டு பிரிண்டர் ஆன்லயே இருக்கு."

"நேத்தும் இருந்துது. திரையில பாத்தேன்."

"கூடத்துல இருக்கு. டோலோரஸும் கூடத்துலதான் இருக்கா."

போன் அடித்தது. எங்கள் போன் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. எடுத்தேன்.

"ஐலி, எங்க பிரிண்டர் தானா ஓடுது," என்றாள் டோலோரஸ்.

"அப்படியா?"

"நான் வந்திருக்கேன் அதுல."

"நீயா?"

"நானும் மீனும். கலர்ல."

"நல்லா விழுந்திருக்கா?"

"பல்லு முப்பத்திரெண்டும் தெரியுது. ஒண்ணுகூட விழலன்னானே இந்த மனுஷன்?"

எதிர் ஜன்னலில் அவளே தெரிந்தாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் தாள். ரூடி சட்டென்று எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டான். பெரிய உடம்பு, பாதிதான் மறைந்தது. அங்கிருந்து வெளியே கையைக் காட்டினான். பனி விழத் தொடங்கியிருந்தது. பிறகு தன் நெஞ்சைத் தொட்டான். பிறகு இரண்டு விரல்.

இரண்டு குளிர்காலம்.

நான் எங்கேயோ பார்த்தேன்.

மூன்று விரல்.

"ஐலி!" கீழேயிருந்து ஆர்வோ கத்தினான். "ஒண்ணும் வரல! இன்னொரு தடவ அழுத்து!"

என் விரல் மடிக்கணினிக்குக் கிட்டேதான் இருந்தது. ரூடி மூன்று விரலையும் உயர்த்தியபடி, கண் இமைக்காமல் அந்த விரலையே பார்த்தான்.

"ஐலி, ஒண்ணு போதாது," என்றாள் டோலோரஸ் காதில். "சர்ச்சுக்கு ஒண்ணு, தூண்டில் கடைக்கு ஒண்ணு, தபாலாபீஸ் பலகைக்கு ஒண்ணு. எங்கேர்ந்து வருதுன்னு நான் கேக்க மாட்டேன். இன்னும் கொஞ்சம் அனுப்பறியா?"