நடுவில் விழுந்த இறகுப்பந்து

பெண்கள் விடுதிக் காப்பாளர் மறுபடியும் அழைத்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பே அவள் கேட்டுவைத்திருந்த அறை இப்போதுதான் காலியாகியிருந்ததாம்.

"இன்னிக்குள்ள சொல்லிடும்மா. உனக்கு வேண்டாம்னா அடுத்த பொண்ணுக்குக் கொடுத்துடுவேன்."

போனை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் சின்னக் குடியிருப்பு அது. அவன் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் அதே வளாகத்தில் முதுகலை முதலாண்டு. கல்யாணமாகி வந்து ஒரு பருவத் தேர்வுகூட இன்னும் எழுதவில்லை.

"விடுதி ரூம் பத்திக் கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

"உங்க இஷ்டம்தாங்க. அங்கிருந்து உங்க டிபார்ட்மென்ட் பக்கம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"உங்களுக்கு எது வசதியோ, அது."

சொல்லிவிட்டு, அவளுடைய டீ ஆறாமல் இருக்கக் கோப்பையின் மேல் ஒரு தட்டை மூடிவைத்துவிட்டுப் போனான். தினமும் செய்கிற காரியம்தான். அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் இங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றும். ஆனால், இரு என்று ஒரு வார்த்தை சொல்லாத மனிதரிடம் நானாகப் போய் ஒட்டிக்கொள்வதா? சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லையென்றால் விடுதிதான். முடிவு செய்ததும் டீ கசந்தது.

சாயங்காலம் இருவரும் வழக்கம்போல உள்விளையாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். அங்கே மாணவர் அட்டையைக் காட்டினால் போதும், யார் வேண்டுமானாலும் ஆடலாம். மட்டையும் அங்கேயே கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் அவள் இறகுப்பந்து ஆடியவள். பரீட்சை, கல்யாணம் என்று எல்லாம் சேர்ந்து அந்த ஆசையைப் பரணில் ஏற்றிவிட்டிருந்தன. வந்த புதிதில் ஒருநாள் கூடத்தின் வாசலில் கால் தானாக நின்றுவிட்டது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு மட்டைகளோடு வந்தான். "எனக்கு ஆடவே தெரியாது. சிரிக்கக் கூடாது," என்றான். அன்றைக்கு மரத்தரையில் செருப்பில்லாமல் ஓடியபோது, உடம்பு தன் பழைய சிநேகிதியைக் கண்டுகொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. இதற்கு நன்றி என்று சொன்னால் அந்நியமாகிவிடும் என்று சொல்லாமலே வைத்திருந்தாள்.

இன்றைக்கு எதிரே ஒரு அக்காவும் தம்பியும். அக்கா சட்டம் படிப்பதால் கூடமே அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடும். தம்பி ஆறடிக்கு வளர்ந்திருந்ததால் தூண்.

"தள்ளு எருமை! அது என்னுது!" என்று வக்கீல் கத்துவாள்.

"உன்னுதுன்னு பேரா எழுதியிருக்கு?" என்று தூண் கேட்பான். கேட்டுக்கொண்டே ஒதுங்கிவிடுவான். பந்து ஒன்றுகூடத் தவறாது.

இந்தப் பக்கம் கதையே வேறு. பந்து நடுவில் வந்தால் இருவரும் நின்றுவிடுவார்கள்.

"நீங்க எடுங்க."

"இல்ல இல்ல, நீங்க..."

பந்து இருவருக்கும் நடுவே பொத்தென்று விழும். மூன்று தடவை விழுந்ததும் வக்கீல் வலைக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, அண்ணி, இப்படியே மரியாதையா ஆடுங்க. எங்களுக்கு நோகாம பாயின்ட் வருது."

"சும்மா இரு அக்கா. பந்துக்கே கூச்சமா இருக்கும்," என்றான் தூண்.

அவளுக்குக் காது சூடாயிற்று. தூண் அடுத்த பந்தை உயரமாகத் தூக்கினான். நேராக நடுவில் இறங்கியது. கணவன் ஓரடி பின்வாங்கி, உள்ளங்கையை விரித்து அவளுக்கு வழிவிட்டான். காலையில் உங்க இஷ்டம் என்றபோதும் இதே கைதான் இப்படியே விரிந்தது. அவளுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

"எனக்கு! தள்ளுடா!"

எகிறி அடித்தாள். பந்து தூணின் காலடியில் போய் விழுந்தது. அப்போதுதான் கணவனை 'டா' போட்டது அவளுக்கு உறைத்தது. மட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"ஐயோ... மன்னிச்சுக்குங்க..."

கணவன் திகைத்துப் பார்த்தான். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் கேட்டிராத சிரிப்பு.

"தள்ளிக்கிட்டேன்," என்றான் வக்கீல் பக்கம் திரும்பி. "பாத்தீங்கள்ல, தள்ளிக்கிட்டேன்!"

அதற்கப்புறம் அவனும் கத்தினான். தனக்கு எட்டாத பந்துக்கெல்லாம் "எனக்கு, எனக்கு" என்று ஓடி, அவளுடைய மட்டையோடு மட்டையை மோதினான். தோற்றார்கள். அதுவும் நன்றாகவே தோற்றார்கள்.

வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். அவன் பாட்டில் மூடியைத் திருகுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

"காலையில நான் முழுசாச் சொல்லலை."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு நீ நம்ம வீட்டுலயே இருக்கணும்."

முதல் தடவையாக நீ என்றிருந்தான். அவள் கண்ணில் திரண்டதை வியர்வை என்று துடைத்துக்கொண்டாள்.

"இதைச் சொல்ல என்ன கஷ்டம் உங்களுக்கு?"

"படிக்க வந்தவ நீ. நான் இருன்னு சொன்னா, வேற வழியில்லாம இருப்பியோன்னு பயம்."

"நீங்க சொல்லலையேன்னுதான் நான் பெட்டியை எடுக்க இருந்தேன்."

"ஐயோ!"

"ஐயோதான். நல்லவேளை, இன்னிக்கு ஆட வந்தோம்."

அங்கேயே காப்பாளரை அழைத்தாள். "மேடம், அந்த ரூமை அடுத்த பொண்ணுக்கே கொடுத்துடுங்க. எனக்கு வீடு இருக்கு." ரொம்ப நாளாகக் காத்திருந்த யாரோ ஒருத்தி இன்றைக்குத் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தபோது மனசு இன்னும் நிறைந்தது.

"எல்லாத்துக்கும் தேங்க்ஸ்," என்றாள் அவனிடம். "அன்னிக்கு மட்டை எடுத்துட்டு வந்தீங்களே, அதுக்கும்."

"அதுக்குத் தேங்க்ஸா? இன்னிக்கு மட்டையால முழங்கையில ஒண்ணு போட்டியே, பாரு, எப்படி வீங்கியிருக்கு."

பின்னால் கதவு திறந்தது. வக்கீல் தலையை நீட்டினாள்.

"அண்ணி, மட்டையைத் திருப்பிக் கொடுக்காம வீட்டுக்கே கொண்டுபோகப் போறீங்களா? நாளைக்கும் கோர்ட் வேணுமான்னு உள்ள கேக்கறாங்க."

"வேணும்!" என்றார்கள் இருவரும், ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே.