ஓடைப்பாட்டின் கடைசி அடி

எங்கள் ஊர்ப் பாட்டுச் சபையில் நான் ஓர் அடி பாடுவேன். சுகெர்த்தி அதற்குப் பேச்சுமொழியில் பொருள் சொல்வாள். பாலித் தீவில் பழம்பாடல்களை இப்படித்தான் வாசிப்போம். பாட்டின் பழைய மொழி பாதிப் பேருக்குப் புரியாது. பொருள் சொல்கிறவள் வாய்க்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள்.

மலைச்சரிவில் புதிதாக எழும்பிய விடுதியின் திறப்புவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மேலாளன் ராய் எங்களோடு ஒரே பள்ளியில் படித்தவன். எங்கள் ஊர் ஓடையே பேசுவதாக வரும் ஓடைப்பாட்டைத்தான் பாட வேண்டும் என்றான். நான்கே அடி, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்கூட முணுமுணுக்கும் பாட்டு. முதல் இரண்டு அடிகளை விடுதிச் சுவரில் பொன்னெழுத்தில் பொறித்தும் வைத்திருந்தான்.

அந்த ஓடையைத்தான் விடுதியின் நீச்சல்குளங்களுக்குத் திருப்பியிருந்தார்கள். தோட்டத்துக்கு ஒரு சின்னக் குழாய் என்று சொல்லிப் பாசனச் சங்கத் தலைவர் தந்தராவிடம் சம்மதம் வாங்கினார்கள். போட்டதோ ஆள் நுழையும் அகலம். கீழே சுகெர்த்தியின் வயலில் நாற்று கருகிக்கொண்டிருந்தது.

ஒத்திகையில் ராய் அவளைத் தனியாக அழைத்தான். "கடைசி ரெண்டு அடி வேணாம், சுகெர்த்தி. விருந்தாளிங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஓடுற தண்ணி மாதிரி மனசை லேசா விடுங்கன்னு சொல்லிடு, போதும்."

"பாதிப் பாட்டுக்கு முழுப் பொருள் எப்படிச் சொல்றது?"

"பள்ளிக்கூடத்துல இருந்த அதே சண்டைக்கோழிதான் நீ" என்று சிரித்துவிட்டுப் போனான்.

திரும்பும் வழியில், வறண்ட ஓடைக்கல் மேல் நின்று, மிச்ச அடிகளைப் பாடச் சொன்னாள். பாடினேன். 'நின்றால் நாறுவேன், நடந்தால் இனிப்பேன். கீழ்வயல் விழித்திருக்க மேல்மடுவில் துயிலேன்.' வாழ்க்கை நிலையில்லாதது என்றுதான் சபையில் காலங்காலமாக இதற்குப் பொருள் சொல்லி வந்தோம்.

"இது தத்துவமே இல்லடி. தண்ணி யாருக்குப் போய்ச் சேரணும்னு பாட்டுக் கட்டினவன் சட்டம் சொல்றான்" என்றாள். அந்தச் சட்டத்தின் தலையை மட்டும் வெட்டிச் சுவரில் மாட்டியிருக்கிறார்களே என்று எனக்கும் ஆத்திரம் வந்தது.

விழாவன்று முன்வரிசையில் வெள்ளைக்காரர்கள். பின்னால் தலைத்துணி கட்டிய தந்தராவும் எங்கள் விவசாயிகளும். முதல் இரண்டு அடிகளுக்கு அவள் அழகாகவே பொருள் சொன்னாள். ராய் கைதட்டினான். அவள் என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தாமல் மிச்சத்தையும் பாடினேன்.

சுகெர்த்தி ஒலிவாங்கியை நெருக்கிப் பிடித்தாள். "ஓடை சொல்லுது: என்னைத் தேக்கி வச்சா நாறிப்போவேன். கீழ வயல் எனக்காக முழிச்சுக் கெடக்கு. அது குடிக்காம, மேல குளத்துல நான் படுத்துத் தூங்க மாட்டேன். தலைவரே, குளம் அதோ இருக்கு. என் வயல் எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

ராய் சைகை காட்ட, ஒலிவாங்கி அணைந்தது. முன்வரிசை கைதட்டியது, அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் பாய்ந்து வந்து, ஊர் மானத்தையே வாங்கிவிட்டதாகச் சீறினான்.

தந்தரா எழுந்தார். "அவ பாட்டுக்குச் சரியாத்தான் பொருள் சொன்னா. சின்னக் குழாய்னு எங்கிட்ட சொன்னியே, அதுக்கு என்னப்பா பொருள்?"

அவர் விருந்தைத் தொடாமல் வெளியேறினார். அவர் பின்னால் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சுட்ட பன்றி முழுசாக அப்படியே கிடந்தது.

அந்த வாரமே சங்கம் கூடியது. ஆண்கள் மேலே போய்க் குழாயின் வாயைக் கல்லால் அடைத்தார்கள். விடுதிக்காரர்கள் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்து, கடைசியில் தோட்டத்துக்கு மட்டும் கையளவுக் குழாய் என்று முடிவானது.

தண்ணீர் வந்தபோது சுகெர்த்தியின் நாற்று முழுக்கச் செத்திருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. காய்ந்ததைப் பிடுங்கி வரப்பில் எறிந்துகொண்டே, வாய் ஓயாமல் ராயைத் திட்டினாள். நானும் இடுப்புத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.