தீஹன் என்றால் அமைதி

...மூச்சு இருக்கிறது, இல்லாவிட்டால் மூக்கோரம் அந்த ரத்தக் குமிழி ஏன் உப்பி உப்பி அடங்க வேண்டும் என்று எண்ணியபடி, கிளஃபீரா அடுப்படித் தரையில் கணவன் தீஹனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், முட்டைக்கோஸ் சூப் பலகை இடுக்குகளில் ஓடி அவன் ரத்தத்தோடு கலந்துகொண்டிருந்தது, ஆம்புலன்சுக்குச் சொல்ல மகள் ஊஸ்த்யா பக்கத்து வீட்டுக்கு ஓடியிருக்கிறாள், இந்தப் பனியில் வண்டி வருமா, வந்தால் என்ன சொல்வது, விழுந்துவிட்டான் என்றா... அவளும்தான் எத்தனை முறை விழுந்திருக்கிறாள், படியில், கிணற்றடியில், கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தானே சொன்னாள். பெண் கேட்டு வந்த அன்று அப்பாவுக்கு அவன் பேரே போதுமானதாக இருந்தது. "நம்ம பேச்சுல தீஹின்னா அமைதி, பையன் பேரு தீஹன், இதுக்கு மேல என்னம்மா வேணும், கை நீட்டவே மாட்டான் பாரு" என்றார், அவளும் நம்பினாள், செல்லமாகத் தீஷா தீஷா என்று கூப்பிடும்போது நாக்கிலேயே ஒரு சாந்தம் இருந்தது, முதல் குளிர்காலத்திலேயே விலா எலும்பு முறிந்தது.

பல் உடைந்தபோது கோயிலுக்குப் போய்ப் பாதிரியாரிடம் அழுதாள், இந்தப் பேரை வைத்துக்கொண்டு ஒருவன் இப்படியும் இருப்பானா என்று. அவர் தயங்கித்தான் சொன்னார், அது நம் மொழிப் பேரே இல்லை, கிரேக்கத்திலிருந்து வந்தது, காதுக்கு ஒத்துப்போனதால் நாமாக அமைதி என்று எடுத்துக்கொண்டோம், அசல் பொருள் குறி தப்பாமல் அடிப்பவன், அதிர்ஷ்டம் வாய்த்தவன் என்றும் கொள்ளலாம். அதைப் போய் வீட்டில் ஏன் சொன்னாள்? சிரிப்பான் என்று நினைத்தாளா? சிரிக்கத்தான் செய்தான், சிரித்துக்கொண்டே இரும்புக் கரண்டியை வீசினான், புருவம் பிளந்தது. "பாதிரி சரியாத்தான் சொல்லியிருக்கான், பாத்தியா, குறி தப்பல." பிறகு கையில் கிடைத்ததை வீசும்போதெல்லாம் அதையே சொன்னான்...

இன்று உப்பு இல்லையென்று ஊஸ்த்யாவின் பின்னலைக் கையில் சுற்றி, கொதிக்கும் பானைக்கு மேல் அவள் முகத்தை அழுத்தினான், அந்தப் பெண் அலறக்கூட இல்லை, அம்மாவைப் போலவே பல்லைக் கடித்துக்கொண்டாள், அதைத்தான் தாங்க முடியவில்லை, அடுப்பு கிளறும் கம்பி கைக்கு எப்படி வந்தது, பின்மண்டையில் ஒரே அடி, பின்னலை விட்டான், பானையையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தான்...

கண் திறக்கிறான். "கிளாஷா... தண்ணி." செல்லப் பேரைச் சொல்லி இவ்வளவு மெதுவாக அவன் பேசி அவள் கேட்டதேயில்லை. எழுந்தாள், பழக்கத்தில் ஒரு கை வாளியிலிருந்து குவளையில் தண்ணீர் மொண்டது, கொடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தாள், மற்றக் கை கம்பியை இன்னும் விடவில்லை. மரத்துப்போயிருக்கும் என்று விரல்களைப் பிரித்துப் பார்த்தாள், பிரியத்தான் செய்தன... கம்பியைச் சுற்றி மறுபடி மூடிக்கொண்டாள்.