பேராசிரியரின் மரபணு

பேராசிரியருக்கு மனைவி உண்டு, இரண்டு பெண்கள் உண்டு. ஆனாலும் "நம்மளோடது" என்று அவர் வாய் நிறையச் சொன்னது ஒரு மரபணுவை மட்டும்தான். கல்லீரல் புற்றுநோய்க் கட்டியில் அந்த மரபணு மும்முரமாக வேலை செய்தால், உடம்பின் எதிர்ப்புச் செல்கள் கட்டிக்குள் புகுந்து அதை அடக்கிவிடும், நோயாளி கூடுதல் காலம் வாழ்வார் என்பது அவர் கண்டுபிடிப்பு. கணினி அப்படித்தான் சொன்னது. கணினியிடம் அவர் எத்தனை விதமாகக் கேட்டபின் அது சொன்னது என்று யாரும் விசாரிக்கவில்லை. இனி கண்ணால் காட்ட வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பொறுப்பு ஸ்லைடு அக்காவின் தலையில் விழுந்தது. ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் ஸ்லைடு அக்கா; அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த பேராசிரியருக்கும் அக்காதான். தொண்ணூற்றாறு பேரின் கட்டிகள் மெழுகில் புதைந்து வந்தன. முடியைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்திச் சாயம் ஏற்றினாள். எதிர்ப்புச் செல்கள் பழுப்பாகத் தெரியும், மற்றதெல்லாம் நீலம். மூன்று வாரம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து எண்ணினாள்.

மரபணு மும்முரமாக இருந்த கட்டிகளைத் தேடிப் பழுப்புச் செல்கள் கூட்டமாக வந்திருந்தது உண்மைதான். வந்து, கட்டியைச் சுற்றி நார்நாராகத் தடித்திருந்த சுவருக்கு வெளியே குவிந்து நின்றுவிட்டன. உள்ளே கட்டி தன் பாட்டுக்குச் செழித்துக்கொண்டிருந்தது. எப்படியோ நுழைந்த ஒன்றிரண்டும் ஓய்ந்து கிடந்தன.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, எதுவுமே உள்ளே போகவில்லையா என்றார். நான்கு ஸ்லைடில், ஒரு மூலையில் போயிருக்கிறது என்றாள்.

"அப்ப நாலு படம் போதுமே," என்றார் அவர்.

எடுத்துக்கொடுத்தாள். பொய் இல்லையே, இருப்பதைத்தானே எடுத்தோம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். மனசு சமாதானமாகவில்லை, சும்மா இருந்துகொண்டது.

கட்டுரை வெளிவந்தது. புற்றுநோயை விரட்டும் மரபணு என்று நாளிதழ் கொட்டை எழுத்தில் போட்டது. கூடவே பேராசிரியர் மைக்ரோஸ்கோப்பை உற்றுப் பார்க்கும் படம். அதன் விளக்கைப் போடாமலே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய கூடப்பிறந்த அக்காவும் அத்தானும் வீட்டுக்கு வந்தார்கள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். நான்கு மாதங்களுக்கு முன்பு அவர் கல்லீரலில் கட்டி இருப்பது தெரிந்தது. வெட்டி எடுக்க முடியாத இடம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ரிப்பில் ஒரு மருந்து ஏற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அன்றைக்கு அத்தான் மாப்பிள்ளைக் களையோடு உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு பரிசோதனைக்கூடம் அந்த மரபணுவைச் சோதித்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. அவருக்கு மிக அதிகம் என்று முடிவு வந்திருந்தது. ரிப்போர்ட்டோடு அந்த நாளிதழ்த் துண்டையும் பின் குத்தி வைத்திருந்தார்.

"உள்ளயே சண்டை நடக்குதாம்மா. ட்ரிப்பெல்லாம் வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்," என்றார்.

பக்கத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. அந்தத் துண்டில் பேராசிரியர் படத்துக்குக் கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்தது தான் எடுத்த நான்காவது படம் என்பதைப் பார்த்ததும் ஸ்லைடு அக்கா அதன்மேல் விரலை வைத்தாள்.

"அத்தான், இந்தப் படத்த எடுத்தது நான்தான்."

"அப்படியா? உன் பேரப் போடலயே."

"தொண்ணூத்தாறுல நாலுதான் இப்படி. மத்ததுல எல்லாம் அதுங்க வெளியவே நிக்குது. உள்ள வந்த ஒண்ணு ரெண்டும் ஓஞ்சு கெடக்குது. அதத் தட்டி எழுப்பத்தான் அந்த ட்ரிப் மருந்து. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. ஆனா போடாம இருக்காதீங்க."

அத்தான் நாளிதழ்த் துண்டை ரிப்போர்ட்டிலிருந்து கழற்றினார்.

"ஆள் வந்து நிக்கறான், கதவு தொறக்கல. அவ்வளவுதானே?" என்றார். தொழில்காரர், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

அக்காவின் கேள்வி வேறு. "இது உனக்கு அப்பவே தெரியுமா?"



மறுநாளே மீதித் தொண்ணூற்றிரண்டு ஸ்லைடுகளையும் படமெடுத்து, எண்ணிக்கைகளோடு கட்டுரை வெளியிட்ட ஆய்விதழுக்கு அனுப்பினாள். பேராசிரியர் கூப்பிட்டு, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டார். சொன்னேனே சார் என்றாள். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். மனிதருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அடுத்த வாரம் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் அறைக்கு மாற்றினார்கள்.

ஆய்விதழ் ஐந்து மாதம் கழித்து, பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய எழுத்தில் ஒரு திருத்தம் போட்டது. பேராசிரியர் அதற்குள் அந்தத் தொண்ணூற்றிரண்டு படங்களை வைத்தே இன்னொரு கட்டுரையை முடித்திருந்தார். எதிர்ப்புச் செல்கள் ஏன் கட்டிக்கு வெளியே நின்றுவிடுகின்றன என்பது பொருள். தன் முடிவைத் தானே மறுத்த நேர்மைக்காக ஒரு மாநாட்டில் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். ஏற்புரையின் நடுவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

அத்தானுக்கு ட்ரிப் ஆரம்பித்தார்கள். உடம்பெல்லாம் அரிப்பு, ஓயாத அசதி. முதல் ஸ்கேனில் கட்டி வளரவில்லை. இரண்டாவதில் ஓரமாகக் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல டாக்டர் தயாராக இல்லை. அக்கா தங்கையிடம் அவசியத்துக்குத்தான் பேசினாள். மாத்திரைப் பெயர், ஊசித் தேதி, அவ்வளவுதான். இரண்டாவது ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைத் தங்கையின் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். தங்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒன்றையும் விடாமல் படித்தாள். நுரையீரலில் ஒரு சிறு புள்ளி தெரிகிறது, அடுத்த முறை கவனிக்க வேண்டும் என்ற வரியையும் படித்தாள்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வேற ஏதாவது இருக்கா?" என்றாள்.

"இல்லக்கா, இவ்வளவுதான்."

அக்கா தலையாட்டிவிட்டு, நகர்ந்து அவளுக்கு பெஞ்சில் இடம் விட்டாள்.