போயிட்டு வரேன் என்றவர்

வேங்கிக்காலில் ஒரு வாசகர் வட்டம் நடந்துகொண்டிருந்தது. வட்டம் என்று சொல்லும் அளவுக்கு ஆள் சேரவில்லை, அது வேறு விஷயம். கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் எழிலரசி, கோயில் குருக்கள் வீட்டுப் பெண் சைலஜா, பெங்களூர் கம்பெனி வேலையை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டு மலையடிவாரத்தில் வாடகைக்கு இருந்த கவியா, இவர்கள் மூன்று பேர்தான் தவறாமல் வருவார்கள். மற்றவர்கள் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்புவதோடு சரி.

அந்த மாதம் எடுத்துக்கொண்ட நாவலின் பெயர் ‘வந்துபோனவர்’. எழுதியவர் செங்கம் பக்கத்துக்காரர் என்று சொன்னார்கள். கதை ரொம்பச் சின்னது. ஒரு மனிதர் ஊர் ஊராகப் போகிறார். சாவு விழுந்த வீடாகப் பார்த்து நுழைகிறார். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அழுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்கிறார். எழுந்திருக்கும்போது “போயிட்டு வரேன்” என்கிறார். அடுத்த அத்தியாயத்தில் வேறு வீடு. அவர் யார், எந்த ஊர், எதற்காக வருகிறார் என்று நாவல் கடைசிவரை வாயைத் திறக்காது.

கவியா அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு அழுதிருந்தாள். பிறந்தது சார்ஜாவில், படித்தது பெங்களூரில். அடுக்குமாடி வீடுகளிலேயே வளர்ந்தவள். சொந்தத்தில் யாராவது இறந்தால் அவள் வீட்டுக்கு போன்தான் வரும், அப்பா மட்டும் விமானம் ஏறுவார். தமிழைத் தானாகவே ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டவள் என்பதால் வார்த்தை வார்த்தையாக ருசித்துப் படிப்பாள். இவ்வளவு அன்பான மனிதரை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை, துக்கத்தில் இருப்பவர்களிடம் மறுபடி வருவேன் என்று ஒருத்தர் சொல்வது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று கண் கலங்கச் சொன்னாள்.

எழிலரசியும் சைலஜாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் படித்த நாவலில் அன்பு எங்கேயும் இல்லை. சாவு வீட்டுக்குப் போனால் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து வரவேண்டும். வரேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்கு அதே காரியத்துக்காக மறுபடி வரவேண்டியிருக்கும். இதை இந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. நடக்கப் பழகும்போதே கூடவே வந்துவிடும். தெரிந்தவர்களுக்கு அந்த மனிதர் எமன்தான் என்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துபோகும். ஒவ்வொரு “போயிட்டு வரேன்”-க்கும் எழிலரசிக்கு முதுகுத்தண்டு சில்லிட்டிருந்தது.

ஆனால் அன்றைக்கு அவள் அதைச் சொல்லவில்லை. ஒருத்தி ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சோற்றில் முடி கிடக்கிறது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? சைலஜா பேச்சை மாற்றி பஜ்ஜித் தட்டை நகர்த்தினாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். எழிலரசி அந்தப் புத்தகத்தை அடி அண்ணாமலையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அம்மா மணியம்மாளுக்குக் கண்ணில் புரை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வந்து கதை படித்துக் காட்டவேண்டும், சீரியலை விட அதுதான் அவளுக்குப் பிடிக்கும். அப்பா பரசுராமன் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்காதவர்போலக் கேட்பார். அந்த மனிதர் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கு வரும்போதும், “அவன உள்ள உடாதீங்கடி” என்று கத்துவார். அம்மா சிரிப்பாள். புத்தகம் முடிந்த பிறகு வந்த வாரத்தில் ஒருநாள் பரசுராமன் சாமந்திக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே விழுந்து போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு. வயசானவர், சர்க்கரை வேறு. எழிலரசி அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

துக்கம் விசாரிக்க சைலஜாவும் கவியாவும் சேர்ந்து வந்தார்கள். சைலஜா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து வெளியே போய்விட்டாள். அது எவ்வளவு மரியாதையில்லாத செயல் என்று கவியா நினைத்திருக்கவேண்டும். எங்கே போனாலும் ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது என்று அவளுடைய அம்மா சின்ன வயசிலிருந்தே சொல்லி வளர்த்திருந்தார். மணியம்மாள் முன்னால் குனிந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மனசார, “போயிட்டு வரேம்மா” என்றாள்.

வீட்டில் அழுகை நின்றுவிட்டது. எழிலரசியின் சித்தி ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துப்போய் வாசலில் ஊற்றினாள், எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது. முகம் மாறாமல் இருந்தது மணியம்மாள் ஒருத்திதான். கவியாவின் முகத்தைப் புரை விழுந்த கண்ணால் கூர்ந்து பார்த்துவிட்டு, “சரி கண்ணு, வா” என்றாள்.

கருமாதி முடிந்து அண்ணன் செழியன் ஓசூருக்குக் கிளம்பிப் போனான். எழிலரசி லீவு போட்டு அம்மாவோடு இருந்தாள். அப்போதுதான் கவனித்தாள், கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலையிலிருந்து சாயங்காலம் வரை காலியாகக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர். யாரையும் அதில் உட்கார அம்மா விடுவதில்லை. சோறு போட்டால் ரெண்டு வாய் பிசைந்துவிட்டுத் தட்டை ஒதுக்கினாள், அப்புறம் அதையும் நிறுத்தினாள். கேட்டதற்கு வருத்தமே இல்லாத குரலில் பதில் சொன்னாள்.

“அந்தப் பொண்ணு வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்குது. உங்கப்பாவக் கூட்டிம்போனவங்க என்னயும் கூட்டிம்போயிடுவாங்க. இனிமே வயித்த நெப்பிக்கினு இன்னா பண்ணப்போறேன்?”

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பில் ஒன்றும் இல்லை, சாப்பிட்டால் போதும் என்றார் டாக்டர். குளுக்கோஸ் ஊசியை மணியம்மாள் பிடுங்கி எறிந்தாள். வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி நாற்காலி, சொம்பு. அம்மா கண்ணெதிரே வற்றிக்கொண்டிருந்தாள். எழிலரசிக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது, அந்த நாவல் மேல், எழுதினவர் மேல், அதைத் தூக்கிக்கொண்டு வந்து படித்துக் காட்டிய தன் மேல். கவியா தினமும் போன் செய்து பார்க்க வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று ஏதேதோ சாக்கு சொன்னாள்.

ஒருநாள் தாங்கமுடியாமல் ஆபீசுக்கு எதிரே டீக்கடைக்குக் கவியாவை வரச்சொல்லி எல்லாவற்றையும் கொட்டினாள். கவியா டீயைக் குடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் நாவலை முதலிலிருந்து மறுபடி படித்திருக்கிறாள். மறுநாள் வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

“நான் படிச்சது வேற புத்தகம் எழில். அவர எங்க அப்பா மாதிரின்னு நெனச்சிருந்தேன். இப்ப அந்த அட்டையத் தொடவே பயமா இருக்கு.”

எழிலரசி ஆபீஸ் மூளையால் யோசித்தாள். ஃபைல் யாரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறதோ அவரிடம் போய்த்தான் எடுக்கவேண்டும். டாக்டர் சொன்னால் அம்மா கேட்கமாட்டாள், மகள் சொன்னாலும் கேட்கமாட்டாள். யாருக்காகக் காத்திருக்கிறாளோ அவர் வந்து சொன்னால் கேட்பாள். கவியா வந்து அந்த நாற்காலியில் உட்காரவேண்டும், உங்கள் முறை இன்னும் வரவில்லை, சாப்பிடுங்கள் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். கவியா தான் செய்த தப்பைத் தானே சரிசெய்வதாக ஒத்துக்கொண்டாள்.

நல்ல வெயில் அடிக்கும் பகல் நேரத்தில் அவள் வந்தாள். கிரிவலப் பாதையில் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன, எதிர்க் கடையில் யாரோ கரும்பு பிழிந்துகொண்டிருந்தார்கள். எழிலரசி அம்மாவிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அப்படியிருந்தும் எழுந்து நிற்கவே தெம்பில்லாத மணியம்மாள் அன்று காலையில் தானாகக் குளித்து, துவைத்த புடவை கட்டி, தலையை வாரி முடிந்து உட்கார்ந்திருந்தாள்.

கவியா நாற்காலியில் உட்கார்ந்தாள். மணியம்மாள் சொம்பை நீட்டினாள். நாவலில் வருவதுபோலவே கவியா முழுவதையும் குடித்துமுடித்தாள், தாகத்தாலோ பயத்தாலோ தெரியவில்லை.

“போலாமா?” என்றாள் மணியம்மாள்.

“இல்லம்மா.” கவியாவின் குரல் அவள் குரலாகவே இல்லை. “உங்க முறை இன்னும் வரல. நாள் இருக்கு. நீங்க சாப்பிடணும்.”

மணியம்மாள் ஏமாந்துபோன குரலில் அப்படியா என்றாள். சோறு போடச் சொன்னாள். எழிலரசி சமையலறைக்கு ஓடினாள். ரசம் ஊற்றிப் பிசைந்த சோற்றை அம்மா அவசர அவசரமாக அள்ளிச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டாள். எழிலரசிக்குக் கண்ணீர் நிற்கவில்லை. இவ்வளவு சுலபமா, இதற்கா இத்தனை நாள் அல்லாடினோம் என்று நினைத்தாள். கவியாவும் லேசாகச் சிரித்தாள்.

கடைசிக் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு மணியம்மாள் தலை நிமிர்ந்தாள்.

“எனக்கு இல்லன்னா, அப்ப யாருக்காக வந்தே?”

இதற்குப் பதில் அவர்கள் யோசித்து வைக்கவில்லை. கவியா, பரீட்சையில் மறந்துபோன பிள்ளை பக்கத்தில் பார்ப்பதுபோல, எழிலரசியின் முகத்தைப் பார்த்தாள்.

மணியம்மாளின் கண்ணும் அந்தப் பார்வையின் பின்னாலேயே திரும்பியது.

தட்டு உருண்டது. இத்தனை நாள் சுவரைப் பிடித்து நடந்தவள் ஒரே எட்டில் எழுந்து மகளுக்கும் நாற்காலிக்கும் நடுவே வந்து நின்றாள். சோறு ஒட்டிய கையை அகல விரித்தாள்.

“எம்பொண்ண உட்டுடு. வரேன்னு சொன்னியே, என்னயே இட்டும்போ. இவள உட்டுடு.”

கவியா எழுந்துவிட்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். எம்மா, இது என் சிநேகிதி, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்து நடித்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும் என்று எழிலரசிக்குத் தெரியும். சொல்வதற்காக முன்னால் வரத்தான் நினைத்தாள். கால் பின்னால் போயிற்று. வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்ற அந்த உருவத்தின் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. பட்டப்பகலில், பட்டம் வாங்கிய எழிலரசி, அம்மாவின் புடவையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்து, அந்த மெலிந்த முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.