பம்பரத்தின் பாதி மாத்திரை

வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பள்ளி நாளில் ஓரிடத்தில் நில்லாமல் சுற்றியதற்காக அண்ணன் வைத்தது. பெரியவளானபின் கவனக்குறைபாட்டுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள்; சுற்றுவது நின்றது, பெயர் மட்டும் போகவில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு வேலை. யாரோ வாசித்துக் கொடுக்கும் புத்தகங்களிலிருந்து இருமல், பெருமூச்சு, நாற்காலி முனகல் எல்லாவற்றையும் வெட்டி எடுக்க வேண்டும். மாத்திரை போட்டால் தலை நிமிராமல் வெட்டுவாள். ஆனால் மதியச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. சாயங்காலம் மருந்தின் வேகம் அடங்கும்போது கணவன் தண்ணீர் கேட்டால்கூட எரிந்து விழுவாள்.

மாத்திரை இல்லாமல் நான் எப்படி இருப்பேன் என்று ஒருநாள் தோன்றியது. தோன்றிய எண்ணம் போகவே இல்லை. இணையத்தில் தேடித் தேடி ஒரு பை நிறையச் சத்து மாத்திரைகள் வாங்கினாள். அண்ணி மருந்துக்கடை வைத்திருப்பவள். அவள் முன்னால் பையைக் கவிழ்த்தாள்.

"என்னடி இது, எனக்குப் போட்டியா கடை வைக்கப் போறியா?"

"மாத்திரைய விடப்போறேன் அண்ணி. இதெல்லாம் துணைக்கு."

"எல்லாத்தையும் சேர்த்து முழுங்கினா எது வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும்? முதல்ல டாக்டரப் பாரு. நீயா எதையும் நிறுத்தாத."

டாக்டர் புட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். சுறுசுறுப்புக்கு என்று போட்டிருந்த மூலிகைப் புட்டியைத் தனியே ஒதுக்கினார். "இதுவும் உங்க மாத்திரையும் சேர்ந்தா படபடப்பு ஏறும். வேண்டாம்." ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. முதலில் அதை ஏற்றுவோம், பிறகு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்றார். மீன் எண்ணெயைப் பற்றிக் கேட்டாள். "சிலருக்குக் கொஞ்சம் உதவலாம். மாத்திரைக்கு மாற்றுன்னு நினைக்காதீங்க." இரும்புச்சத்தையும் மீன் எண்ணெயையும் மட்டும் எடுத்துக்கொள்ளத் தொடங்கினாள்.

முதல் குறைப்பில் பசி திரும்பி வந்தது. தன் தட்டை முடித்துவிட்டுக் கணவன் தட்டையும் பார்த்தாள்.

"என்னையும் சேர்த்துத் தின்னுடாத தாயே," என்றான் அவன். அவள் சிரித்தாள். சாயங்கால நேரத்தில் அவள் சிரித்து அவன் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

அடுத்த குறைப்பில் கூடத்தில் மாட்டிக்கொண்டாள். ஒரு பதிவில், வாசிப்பவரின் குரலுக்குப் பின்னால் எங்கோ ஒரு பறவை கத்தியது. என்ன பறவை? ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அதே குரலை இணையத்தில் தேடினாள். நிமிர்ந்தபோது மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வெட்டாத அத்தியாயம் இருமலோடு மேலாளரிடம் போய்ச் சேர்ந்தது.

"பறவ அழகாத்தான் கத்துது," என்றார் அவர். "ஆனா புத்தகம் வாங்கினவங்க அதுக்கு வாங்கலையேம்மா."

டாக்டரிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் மாத்திரை அளவை ஒரு படி ஏற்றினார். பழைய அளவில் பாதியில் வந்து நின்றது. அங்கே வேலையும் ஓடியது, சோறும் இறங்கியது, பழைய சோர்வும் இல்லை.

"இரும்பாலயா, மீன் எண்ணெயாலயா, இல்ல அளவு குறைஞ்சதாலயா?" என்று அண்ணியைக் குடைந்தாள்.

"மாத்திரை குறைஞ்சதால பசிக்குது. சோர்வு போனது இரும்பால இருக்கலாம். மீன் எண்ணெய் என்ன செஞ்சுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியல."

"அப்போ டாக்டரக் கேட்டு அதை மட்டும் நிறுத்திப் பார்க்கட்டுமா?"

"முழுசா விட முடியலையேன்னு அழுவேன்னு நினைச்சேன். நீ என்னடான்னா..."

"அழறதுக்கு என்ன இருக்கு அண்ணி? இன்னும் பாதிதானே தெரிஞ்சிருக்கு," என்றாள் பம்பரம், டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே.