சவரியடிமையின் பாவசங்கீர்த்தனம்

என் கணவர் சவரியடிமை இறந்து எட்டு மாதம் கழித்து, பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயின் ஆட்டுக்குக் கிடாக்குட்டியாகப் பிறந்தார். பொன்னுத்தாய் அவரைச் சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்டாள். ஒன்றரை வருடம் தெருவில் மேய்ந்தார். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உயிரோடிருந்தபோதும் அப்படித்தான்.

மாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் வேலியோரம் வந்து நின்றார்.

"ஏட்டி ஞானம், பங்குச்சாமிகிட்ட என் பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். கூட்டிட்டுப் போ."

பொன்னுத்தாயிடம் சொல்லிவிட்டு, கயிற்றைப் பிடித்து எங்கள் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பங்குச்சாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மறுபிறவி நம்ம சபையில கிடையாதும்மா. ஆனா பாவசங்கீர்த்தனம்னு வந்தவங்களைத் திருப்பி அனுப்பவும் முடியாது."

அரைமணி நேரம் வெளியே காத்திருந்தேன். என் கணவர் வெளியே வந்தபோது அவருடைய ஆட்டுத்தாடி நனைந்திருந்தது.

"கடவுள் மன்னிச்சிட்டாரு," என்றார் சாமி. "பரிகாரமா பத்து அருள்நிறை மரியே சொல்லட்டும்."

வழியெல்லாம் என் கணவர் அந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். வாசலில் நின்ற பொன்னுத்தாய் நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"உங்க கடவுள் மன்னிச்சது உங்க கோயிலுக்குள்ள செல்லும் அக்கா. வினை தீரணும்னா பாடுபட்டவங்க வாயால வரணும். மன்னிச்சேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா மாடன் இவரைத் தொடமாட்டான். நான் வேற கிடா பாத்துக்கிடுதேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அம்மா இறந்த அன்று, அவர் என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சீட்டாடப் போனார். மறுநாள் மதியம்தான் திறந்தார். அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

தினமும் காலையில் அகத்திக்கீரை கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தேன். தின்றுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். கீரை கட்டியிருந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நான் வீடு திரும்புவேன்.

கொடையன்று, வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் அவருக்கு மாலை போட்டார்கள். தலையில் மஞ்சள்நீர் தெளித்தார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்தால்தான் சம்மதம் என்று அர்த்தம். அவர் சிலிர்க்கவில்லை. மூன்றாவது தடவையும் தெளித்தார்கள். கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"பரவாயில்ல ஞானம்," என்றார்.

முப்பது வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அவர் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டார். மேளம் தொடங்கியது.

சாயங்காலம் பொன்னுத்தாய் பங்குக்கறி கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை நாங்கள் கவிச்சி சாப்பிடுவதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

ஞாயிறு காலை தலை வாரும்போது, நெற்றிக்கு மேல் இரண்டு பக்கமும் சீப்பு தட்டியது. தடவிப் பார்த்தேன். கிடாக்குட்டியின் கொம்பு மொட்டுப்போல, கெட்டியாக இருந்தன. முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு முதல் பூசைக்குப் போனேன். பெண்கள் பக்கத்தில் எல்லோருமே முக்காட்டை நன்றாக முன்னால் இழுத்துவிட்டிருந்தார்கள். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள்.